ஸ்டென்ட் வைத்த பிறகு இதயத் தமனியின் உட்படலம் எப்படி ஆறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உட்படலம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஸ்டென்ட் என்பது அடைபட்ட தமனியைத் திறந்து வைக்க உள்ளே பொருத்தும் சிறு உலோக வலைக்குழாய். இதயத் தமனிக்குள் ஓடும் ரத்தம் நேரடியாகத் தொடுவது ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும் செல்களை. மருத்துவர்கள் இதை எண்டோதீலியம் என்பார்கள். செல்லின் கரு இருக்கும் இடத்தை விட்டால், இந்தப் படலத்தின் தடிமன் பல இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. இதற்கு வெளியே மென்தசை அடுக்கு, அதற்கும் வெளியே நார்த்திசு உறை.

இதை வெறும் உறை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்தார். உட்படலம் சிதையாத துண்டு தளர்ந்தது. உட்பக்கம் தேய்ந்துபோன துண்டு அதே மருந்துக்கு இறுகியது. குழாயைத் தளர்த்தும் ஏதோ ஒரு பொருள் உட்படலத்திலிருந்தே வருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரியவந்தது. இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நலமான உட்படலம் இடைவிடாமல் சில வேலைகளைச் செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரந்து தமனியை விரிக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. உருவாகும் சிறு உறைவுகளைக் கரைக்கும் நொதியை விடுகிறது. அடியிலுள்ள மென்தசைச் செல்கள் பெருகாமல் அடக்கி வைக்கிறது. கொழுப்புத் துகள்களும் வெள்ளணுக்களும் சுவருக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. படலம் போய்விட்டால் இவை அத்தனையும் அந்த இடத்தில் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

அடைப்பை எடுக்கத்தானே ஸ்டென்ட் வைக்கிறார்கள், அதில் காயம் எங்கிருந்து வருகிறது?

அடைப்பை யாரும் எடுப்பதில்லை, சுவரோடு அழுத்தி ஒதுக்குகிறார்கள். ஸ்டென்ட் ஏறியிருக்கும் பலூனைப் பெரும்பாலும் 12 முதல் 16 வளிமண்டல அழுத்தத்துக்கு ஊதுவார்கள். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய இரண்டரைதான். கால்சியம் படிந்து கெட்டியான இடமென்றால் 20-க்கு மேலும் போக வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தில் உட்படலம் உரிகிறது, கொழுப்புப் படிவு விரிசல் விடுகிறது, சில இடங்களில் தசை அடுக்கு வரை கிழிகிறது. ஸ்டென்டின் கம்பிகள் சுவருக்குள் பதிந்து அங்கேயே நின்றுவிடுகின்றன.

இது கைத்தவறால் வருவது அல்ல. குழாய் விரிய வேண்டுமென்றால் இந்தக் காயம் ஏற்பட்டே ஆக வேண்டும். ஸ்டென்ட் வைத்த அன்றே ரத்த ஓட்டம் சரியாகிவிடுவதால், பலர் அன்றோடு சிகிச்சை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தமனிச் சுவரைப் பொறுத்தவரை புண் ஆறும் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

அந்தப் புண் எப்படி ஆறுகிறது?

சில நிமிடங்களிலேயே தட்டணுக்கள் வந்து ஒட்டும். உட்படலத்துக்கு அடியிலிருக்கும் கொலாஜன் வெளியே தெரிந்ததும் ரத்தத்திலுள்ள வான் வில்லிபிராண்ட் காரணி அதில் ஒட்டுகிறது, தட்டணுக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கம்பிகளின் மேல் ஃபைப்ரின் என்ற உறைவுப் புரதத்தின் வலை படிகிறது. இந்த மெல்லிய உறைவு வேண்டியதுதான், செல்கள் ஊர்ந்து வர அதுவே தளம். அது மிஞ்சினால் குழாயே அடைபடும்.

அடுத்த சில நாட்களிலும் வாரங்களிலும் வெள்ளணுக்கள் கூடுகின்றன. இவை விடும் சமிக்ஞைகளால் தசை அடுக்கிலுள்ள மென்தசைச் செல்கள் தம் இயல்பை மாற்றிக்கொண்டு உள்நோக்கி நகர்ந்து பெருகி, கம்பிகளுக்கு மேல் புதுத் திசுவை உண்டாக்குகின்றன. அதே சமயம் ஸ்டென்டின் இரு முனைகளிலும், கிளைத் தமனி பிரியும் இடங்களிலும் உயிரோடு இருக்கும் உட்படலச் செல்கள் பிளவுபட்டு, நடுப்பகுதியை நோக்கி ஊர்கின்றன. குட்டையான ஸ்டென்ட் சீக்கிரம் மூடுவதற்கும், நீளமானதன் நடுப்பகுதி கடைசி வரை திறந்து கிடப்பதற்கும் இது ஒரு காரணம்.

ரத்தத்தில் மிதந்து வரும், உட்படலச் செல்லாக மாறக்கூடிய முன்னோடிச் செல்களும் படலத்தைக் கட்டுகின்றன என்ற கருத்து 1997-க்குப் பிறகு வேகமாகப் பரவியது. அவற்றைப் பிடித்து ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் பூசிய ஸ்டென்ட் கூட விற்பனைக்கு வந்தது. தசை வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டை அது வெல்லவில்லை. முனைகளிலிருந்து ஊர்ந்து வரும் செல்களைத்தான் இன்றும் முதன்மையாகக் கருத வேண்டும்.

முழுதாக மூட எவ்வளவு காலம் ஆகும்?

எந்த ஸ்டென்ட், எந்த இடம், யாருடைய தமனி என்பதைப் பொறுத்தது. மருந்து பூசாத வெற்று உலோக ஸ்டென்ட்டில் சில வாரங்களிலேயே பெரும்பகுதி மூடிவிடும். இறந்தவர்களின் தமனிகளை ஆராய்ந்ததில் ஆறேழு மாதத்தில் ஏறக்குறைய முழுதும் மூடியிருந்தது. முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட்டுகளில் இரண்டு, மூன்று வருடம் கழிந்தும் வெறுமையாக நின்ற கம்பிகளைப் பார்த்தார்கள். இப்போது பயன்படும் ஸ்டென்ட்டுகள் இரண்டுக்கும் நடுவே வருகின்றன. பெரும்பாலான கம்பிகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூடிவிடுகின்றன.

தாமதமாகும் இடங்கள் சில உண்டு. மாரடைப்பு நேரத்தில் வெடித்த படிவின் மேல் வைத்த ஸ்டென்ட் அவற்றில் முதன்மையானது. கம்பிக்கு அடியில் உயிருள்ள திசு இல்லாமல் கொழுப்புக்கூழ் மட்டும் இருப்பதால் செல்கள் அங்கே வேரூன்றுவது கடினம். கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம், தமனி கிளைக்கும் இடம், கம்பி சுவரில் ஒட்டாமல் விலகி நிற்கும் இடம் ஆகியவையும் தாமதிக்கும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புகைப்பழக்கம் மூன்றும் எல்லா இடத்திலும் ஆறுதலை மந்தமாக்கும்.

மருந்து பூசிய ஸ்டென்ட் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்றால், அதை ஏன் வைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. 1977-இல் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் சூரிச்சில் முதன்முதலாக இதயத் தமனியில் பலூன் சிகிச்சை செய்தார். பலூன் மட்டும் வைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சில மாதங்களில் மறுபடி சுருங்கிப்போனது. 1986-இல் வந்த உலோக ஸ்டென்ட், தமனி மீண்டும் சுருங்குவதைத் தடுத்தது. ஆனால் காயத்துக்கு எதிர்வினையாக மென்தசை அளவுக்கு மீறி வளர்ந்து, ஐந்தில் ஒருவருக்காவது உள்ளேயே அடைத்தது. இந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தவே சிரோலிமஸ், பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகளைக் கம்பிமேல் பூசினார்கள். மறு அடைப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சிரோலிமஸ் செல் பிளவுபடும் சுழற்சியை நிறுத்துகிறது. அந்த மருந்துக்கு மென்தசைச் செல் எது, உட்படலச் செல் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே நிறுத்தும். மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் பூச்சு, மருந்து தீர்ந்த பிறகும் சுவரில் அழற்சியைத் தூண்டலாம். மருந்து ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்குப் பிறகும் சிலருக்குத் திடீரென ரத்தம் உறைந்தது. 2006-இல் பார்சிலோனாவில் நடந்த இதயவியல் மாநாட்டில் இது பெரும் விவாதமானது. அப்படி இறந்தவர்களின் தமனிகளை ஆராய்ந்தபோது, மூடாத கம்பிகள் அதிகம் இருந்த ஸ்டென்ட்டில்தான் உறைவும் அதிகம் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் உட்படலத்தை மனதில் வைத்தே வந்தவை. தொடக்க கால சிரோலிமஸ் ஸ்டென்ட்டின் கம்பி 140 மைக்ரான் தடிமன், இப்போதையவை 60 முதல் 80 மைக்ரான். கம்பி தடிமனாக இருந்தால் அதன் பின்புறம் ரத்தம் சுழன்று தேங்கும், அங்கே உறைவும் எளிது, செல் ஒட்டுவதும் தாமதம். பாலிமர் மெலிந்தது, சிலவற்றில் தானே கரைந்துபோகிறது, சிலவற்றில் இல்லவே இல்லை. முழுதும் கரையும் ஸ்டென்ட் ஒன்றும் வந்தது. அதன் கம்பி 150 மைக்ரானைத் தாண்டியிருந்தது. உறைவு அதிகமாக வந்ததால் 2017-இல் விற்பனையை நிறுத்தினார்கள்.

விலை கூடிய ஸ்டென்ட் சீக்கிரம் ஆறுமா?

விலையைப் பார்க்காதீர்கள். கம்பியின் தடிமன், பூச்சின் வகை, எல்லாவற்றுக்கும் மேலாக அது சரியாக விரிந்து சுவரில் ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2017 பிப்ரவரியில் மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தபோது, பல வகைகளும் ஒரே விலைக்கு வந்தன. நல்ல ஸ்டென்ட்டைப் போதிய அளவு விரிக்காமல் விட்டால், அதனால் வரும் ஆபத்தை எந்தப் பூச்சும் ஈடுகட்டாது.

உட்படலம் மூடிவிட்டதா என்று ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கலாமா?

ஆஞ்சியோவில் தெரிவது சாயம் ஓடும் பாதை மட்டும்தான், சுவரே தெரியாது. கிட்டத்தில் பார்க்க ஓசிடி என்ற ஒளிப்படக் கருவியைத் தமனிக்குள் செலுத்த வேண்டும். அதன் நுணுக்கம் 10 முதல் 20 மைக்ரான். திரையில் தமனி வட்டமாகத் தெரியும். கம்பிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்ற கோடாகவும், அதற்குப் பின்னால் கறுத்த நிழலாகவும் வரிசையாக நிற்கும். கோட்டின் மேல் சாம்பல் நிறத் திசு படிந்திருந்தால் மூடியிருக்கிறது என்று கணக்கு. கோடு ரத்தப் பாதையைத் தொட்டபடி வெறுமையாக நின்றால் மூடவில்லை. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் ஸ்டென்ட் ஒட்டவில்லை. ஸ்டென்ட் வைத்த அன்றே இந்த இடைவெளி 400 மைக்ரானைத் தாண்டி, நீளத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால், இன்னும் பெரிய பலூனால் அங்கேயே சரிசெய்துவிடுவது நல்லது.

ஓசிடிக்கும் ஒரு வரம்பு உண்டு. உட்படலமோ ஒரு மைக்ரான் அளவு, கருவியின் கண்ணுக்கு அது எட்டாது. தெரியும் சாம்பல் திசுவின் மேல் உட்படலம் இருக்கலாம், வெறும் ஃபைப்ரினாகவும் இருக்கலாம். அதனால் இதை எல்லோருக்கும் மூன்றாம் மாதம் எடுத்துப் பார்த்து, உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தும் வழக்கம் இல்லை.

மூடிவிட்டால் பழையபடி வேலை செய்யுமா?

உடனே செய்யாது. இதுதான் இந்தப் பக்கத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. படலம் திரும்புவது ஒன்று, அதன் திறன் திரும்புவது வேறொன்று.

பன்றிகளின் இதயத் தமனியில் உட்படலத்தை உரித்து, மீண்டும் வளரவிட்டுச் சோதித்த ஆய்வுகள் 1980-களில் வந்தன. நான்கு வாரத்தில் படலம் முழுதும் மூடியிருந்தும், தட்டணுக்கள் விடும் செரோடோனின் என்ற பொருள் பட்டதும் விரிய வேண்டிய குழாய் போதுமான அளவு விரியவில்லை. புதிதாக வந்த செல்களிடம் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும் திறன் குறைந்திருந்தது. செல்களுக்கு இடையிலான இணைப்பும் இளம் படலத்தில் தளர்வாக இருக்கும், எல்.டி.எல் கொழுப்பு எளிதாக உள்ளே கசியும்.

மனிதர்களிலும் இதைக் கண்டார்கள். முதல் தலைமுறை சிரோலிமஸ் ஸ்டென்ட் வைத்தவர்களை உடற்பயிற்சி செய்யவிட்டுப் பார்த்தபோது, ஸ்டென்ட்டை ஒட்டிய பகுதி விரிவதற்குப் பதிலாகச் சுருங்கியது. புதிய ஸ்டென்ட்டுகளில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஸ்டென்ட் திறந்திருக்கிறது என்கிறார்கள், ஆனாலும் நெஞ்சு வலிக்கிறது. ஏன்?

பல காரணங்கள் இருக்கலாம், உட்படலச் செயலிழப்பு அவற்றில் ஒன்று. ஸ்டென்ட்டுக்கு அப்பாலுள்ள பகுதியோ, ஆஞ்சியோவில் தெரியாத நுண் தமனிகளோ தேவையான நேரத்தில் விரியாமல் இறுகலாம். இதைக் கண்டறிய அசிட்டைல்கோலினைச் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தமனிக்குள் விடும் சோதனை இருக்கிறது. நலமான உட்படலம் இருந்தால் குழாய் விரியும், இல்லாவிட்டால் இறுகும். வலியும் ஈ.சி.ஜி. மாற்றமும் கூடவே வந்தால் காரணம் தெளிவு. இறுக்கம் உறுதியானால் கால்சியம் தடுப்பு மருந்துகள் முதலிடம் பெறும். சில பீட்டா தடுப்பான்கள் இறுக்கத்தை அதிகமாக்கலாம் என்பதால் மருந்துப் பட்டியலையே மாற்ற வேண்டிவரும். “ஆஞ்சியோ நார்மல், மனசுதான் காரணம்” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இந்தச் சோதனை பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

இரட்டை மாத்திரை எத்தனை மாதம்?

இரட்டை மாத்திரை என்பது தட்டணுக்கள் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகள்: ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல், டிகாக்ரிலர், பிராசுக்ரல் இவற்றில் ஒன்று. படலம் வளர்ந்து வரும் வரை அதன் வேலையில் ஒரு பங்கை இந்த மாத்திரைகள்தான் செய்கின்றன. மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் பொதுவாக 12 மாதம். மாரடைப்பில்லாமல், நடந்தால் வரும் நெஞ்சு வலிக்காக வைத்தது என்றால் பொதுவாக 6 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 1 முதல் 3 மாதமாகக் குறைக்கலாம். பாலிமர் இல்லாத மருந்து ஸ்டென்ட்டை ஒரு மாத இரட்டை மாத்திரையோடு, அதே கால அளவில் வெற்று உலோக ஸ்டென்ட்டோடு ஒப்பிட்ட லீடர்ஸ் ஃப்ரீ ஆய்வு 2015-இல் வந்தது, மருந்து ஸ்டென்ட்டே பாதுகாப்பாக இருந்தது. இரட்டை மாத்திரை முடிந்த பிறகும் ஒரு மாத்திரை தொடரும்.

ஆஸ்பிரின் ஏன் 75 மி.கி. மட்டும்? கூட்டிப் போட்டால் இன்னும் நல்லதில்லையா?

இல்லை. ஆஸ்பிரின் தட்டணுவின் நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்குக் கரு இல்லை, புது நொதி செய்ய முடியாது, வாழும் 7 முதல் 10 நாளும் முடங்கியே கிடக்கும். உட்படலச் செல்லுக்குக் கரு உண்டு, சில மணி நேரத்தில் புது நொதி செய்து புரோஸ்டாசைக்ளின் சுரப்பைத் தொடரும். சிறிய அளவு கொடுத்தால் தட்டணு முடங்கும், உட்படலம் பெரும்பாலும் தப்பும். அளவைக் கூட்டினால் இந்த அனுகூலம் குறைந்து, வயிற்றுப் புண்ணும் கசிவும்தான் கூடும்.

மூட்டு வலிக்கு ஐபுபுரோஃபென் போடுபவர்கள் கவனிக்கவும். ஆஸ்பிரினுக்கு முன்னால் அதை எடுத்தால், நொதியில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வயிற்றுக்கு மாத்திரை வேண்டுமென்றால், குளோபிடோக்ரல் எடுப்பவர்களுக்கு ஒமிப்ரசோலைவிடப் பான்டோபிரசோல் பொருத்தம்.

பல் பிடுங்க வேண்டும், மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார்களே?

இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒரு பல், இரண்டு பல் எடுப்பதை இரட்டை மாத்திரையோடே செய்யலாம். பஞ்சு வைத்து அழுத்துவது, தையல், டிரானெக்சாமிக் அமிலம் கலந்த வாய்க் கொப்பளிப்பு என்று கசிவை அங்கேயே கட்டுப்படுத்த வழியுண்டு. முதல் மாதத்தில் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்துவதுதான் மிக ஆபத்தானது. ஸ்டென்ட் உறைவுகளில் பெரும்பகுதி முதல் 30 நாளில்தான் வருகிறது.

தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் குளோபிடோக்ரலை 5 நாள், பிராசுக்ரலை 7 நாள், டிகாக்ரிலரை 3 முதல் 5 நாள் முன்னால் நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடர்வதே பொதுவான ஏற்பாடு. நாள் கணக்கை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. டிகாக்ரிலர் காலை, மாலை இரு வேளை என்பதால் மறப்பது அதிகம், அதன் பிடியும் சீக்கிரம் விடும். மூச்சு வாங்குவது அதன் பக்கவிளைவாக இருக்கலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறுங்கள்.

சில வருடம் கழித்து ஸ்டென்ட்டுக்குள் வரும் அடைப்பும் இதே கதைதானா?

மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. உறைவு நிமிடங்களில் வரும், மாரடைப்பாக வெடிக்கும். தசை வளர்ச்சியால் வரும் மறு அடைப்பு பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் மெதுவாக வந்து, நடக்கும்போது வலியாகத் தெரியும். மூன்றாவது, புதுத் திசுவுக்குள்ளேயே மறுபடி கொழுப்பு படிவது. கசியும், செயல் குன்றிய உட்படலத்தின் வழியாக எல்.டி.எல் உள்ளே போவதால் வருவது. வெற்று உலோக ஸ்டென்ட்டைவிட மருந்து ஸ்டென்ட்டில் இது முன்னதாகவே தொடங்குகிறது. கொழுப்பு மாத்திரையை வாழ்நாள் முழுதும் தொடரச் சொல்வதற்கு இது வலுவான காரணம்.

உட்படலம் நன்றாக வேலை செய்ய நாம் என்ன செய்யலாம்?

புகையை முழுதாக விடுவதுதான் முதல் வேலை. புகை நைட்ரிக் ஆக்சைடை நேரடியாக அழிக்கிறது, குறைத்துக்கொள்வது போதாது. அடுத்து ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை. அட்டோர்வாஸ்டாட்டின் 40–80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20–40 மி.கி. தொடங்கி, 4 முதல் 6 வாரத்தில் ரத்தம் பார்த்து, எல்.டி.எல் 55-க்குக் கீழே வரவில்லையென்றால் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பார்கள். எல்.டி.எல் “நார்மல்” என்று ஆய்வகச் சீட்டில் போட்டிருப்பது ஸ்டென்ட் வைத்தவருக்கான அளவு அல்ல. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே. சர்க்கரையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி அளவு) பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே.

நடை உண்மையாகவே மருந்து. ரத்தம் சீராக வேகமெடுத்து ஓடும்போது படலத்தின் மேல் ஏற்படும் உராய்வுதான் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும் நொதியைத் தூண்டுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். மாரடைப்பு வந்தவர்கள் இதய மறுவாழ்வுப் பயிற்சியில் தொடங்குவது நல்லது.

நைட்ரிக் ஆக்சைடு கூட்டும் எல்-ஆர்ஜினின் பொடி, வைட்டமின் இ எடுக்கலாமா?

எல்-ஆர்ஜினின் வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2006-இல் பாதியில் நிறுத்தினார்கள். அதை எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. வைட்டமின் இ பெரிய ஆய்வுகளில் இதய நோயைக் குறைக்கவில்லை. கீரை, பழம், பருப்பு, மீன் உணவில் இருப்பது நல்லதே. பூண்டு மாத்திரையோ மீன் எண்ணெய் மாத்திரையோ எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரட்டை மாத்திரையோடு சேர்ந்து கசிவைக் கூட்டலாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

நெஞ்சில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, காரணமில்லாத மூச்சுத் திணறல். ஸ்டென்ட் வைத்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் இவற்றை வாயு என்று ஒதுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். உட்கார்ந்துகொண்டு, மருத்துவர் கொடுத்திருந்தால் நாக்கின் அடியில் சார்பிட்ரேட் 5 மி.கி. வையுங்கள். அது உட்படலத்தின் தயவில்லாமல் நேராகத் தசையிலேயே நைட்ரிக் ஆக்சைடாக மாறி வேலை செய்யும். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் கடந்த 24 மணி நேரத்தில் சில்டனாஃபில், 48 மணி நேரத்தில் டடாலாஃபில் எடுத்திருந்தால் வைக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஸ்டென்ட்டின் பெயர், அளவு, வைத்த தேதி உள்ள அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.